யூசுப் பாய் ஒட்டிய கண்ணாடிகள்

போன வெள்ளிக்கிழமை காலை, பொத்தேரியில் நான் வேலை பார்க்கும் விடுதி அலுவலகத்தில் இருந்தபோது, பக்கத்து வீட்டுச் செல்வியக்கா போன் செய்தார். "சேகரு, கண்ணாடிக் கட பாய் மவுத்தாயிட்டாராம். ஜும்மா முடிஞ்சதும் அடக்கம். கெளம்பி வா." விடுப்புக் கடிதத்தில் காரணம் எழுத வேண்டிய இடத்தில் 'நெருங்கிய உறவினர் மறைவு' என்று எழுதிக் கொடுத்துவிட்டு, சதுரங்கப்பட்டினத்துக்கு வண்டி ஏறினேன். அது பொய் என்று யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.

பஜாரில் கடை வைத்திருந்த யூசுப் பாயை, சாமி படத்துக்கும் கல்யாணப் படத்துக்கும் சட்டம் போடுகிறவராக உங்களில் பலருக்குத் தெரியும். எங்கள் தெருவுக்கு அவர் அதற்கும் மேலே.

எங்கள் வீடுகளுக்கு அடியில், நகரத்துக்குக் குடிநீர் கொண்டுபோகும் சுரங்கம் ஓடுகிறது. ஆள் நிமிர்ந்து நடக்கலாம் என்பார்கள். அதிலிருந்து ஒரு குடம் தண்ணீர் எங்களுக்கு வந்ததில்லை. கசிவு மட்டும் வந்தது. சித்திரை வெயிலில் அடுப்படித் தரை ஈரமாகக் கிடந்தது. பிறகு சுவர்கள் வெடித்தன. மனு கொடுத்தோம். 'சரியான அஸ்திவாரமின்றிக் கட்டப்பட்ட வீடுகள்; வெடிப்புகள் பழையவை' என்று சுரங்கத் திட்ட அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. என் அம்மா காலமெல்லாம் பிறத்தியார் வயலில் நாற்று நட்டவர். எங்கள் பரம்பரையில் முதல் பட்டா அம்மா பெயரில்தான் இருக்கிறது. அந்தப் பதிலைப் படித்துக் காட்டிய அன்று அம்மா சாப்பிடவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஜன்னலுக்குக் கண்ணாடி அளக்க பாய் வந்தார். வாசல் நிலைக்கு மேலே ஓடிய வெடிப்பைப் பார்த்ததும் டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார். "யக்கா, இப்ப கண்ணாடி வாணாம். செவுரு நகந்துகினு கீது. போட்டா ஒடஞ்சிடும்." வந்த வியாபாரத்தை வேண்டாம் என்று சொன்ன கடைக்காரரை அன்றுதான் பார்த்தேன்.

மறுபடி மனு போட்டதில், நேரில் பார்வையிட வருவதாகத் தகவல் வந்தது. இங்கேதான் நாங்கள் ஒரு காரியம் செய்தோம். அதிகாரிகள் வீட்டுக்குள் வரப்போகிறார்கள் என்றதும், ஒருவரைப் பார்த்து ஒருவர், தெரு முழுக்க வெடிப்புகளைச் சிமென்ட் வைத்து அடைத்துச் சுண்ணாம்பு அடித்துவிட்டோம். வாளியும் மட்டையுமாக நானும்தான் நின்றேன். வந்தவர்கள் பளிச்சென்றிருந்த சுவர்களைப் பார்த்துவிட்டு, சேதம் இல்லை என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

விஷயம் கேள்விப்பட்டு வந்த பாய், தெருமுனையிலேயே நின்றுவிட்டார். "இன்னா யக்கா, பொண்ணு பாக்கவா வந்தாங்க?"

அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "வெடிச்ச வூட்டுல ஆபீசர குந்த வெக்க சொல்றியா பாய்? வூடு கட்டத் தெரியாதவங்கன்னு ஏற்கெனவே எழுதிட்டான். அத கண்ணால வேற பாக்கணுமா?"

பாய் சிரிப்பை நிறுத்தினார். கிட்டே வந்து புதுச் சுண்ணாம்பைத் தடவிப் பார்த்தார். "வெக்கம் நம்முது இல்ல யக்கா. அடியில தண்ணிய ஒழுக வுட்டவனுது" என்றார். பிறகு சொன்னதுதான் எங்களைக் காப்பாற்றியது. "நல்லதாத்தான் போச்சு. சேதம் இல்லன்னு அவனே எழுதிட்டான். இனிமே இந்தச் சுண்ணாம்பு மேல வர வெடிப்ப பழசுன்னு எவன் சொல்லுவான்?"

அடுத்த வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்ததும் ஒரு தகர டப்பாவோடு வந்தார். உள்ளே விரல் நீளத்துக்கு வெட்டிய கண்ணாடித் துண்டுகள். அடைத்த வெடிப்புக்குக் குறுக்கே ஒவ்வொன்றாக வைத்து, இரண்டு முனையிலும் சிமென்ட் பூசி ஒட்டினார். பக்கத்தில் தேதி எழுதி, வீட்டுக்காரரின் கையெழுத்தும் வாங்கினார். "செவுரு ஒரு மயிரிழ நகந்தாலும் இது தாங்காது. இதுக்கு ஆபீசரும் தெரியாது, நம்மளயும் தெரியாது." சுரங்கத்துக்கு வெகு தூரத்தில் இருக்கும் தன் கடைச் சுவரிலும் வீட்டுச் சுவரிலும் இதேபோல ஒட்டினார். அது எதற்கு என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

வாரம் தவறாமல் வந்து பார்த்தார். எங்கள் அடுப்படியில் முதல் கண்ணாடி விரிந்த அன்று, வீடு விரிகிறதே என்று அழுவதா, சாட்சி கிடைத்தது என்று சந்தோஷப்படுவதா என்று தெரியாமல் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். மழைக்காலம் வருவதற்குள் தெருவில் அநேகமாக எல்லாமே உடைந்துவிட்டன.

மூன்றாவது மனுவின் பேரில் செங்கல்பட்டில் விசாரணை நடந்தபோது, பாய் உடைந்த துண்டுகளை வீடு வாரியாகக் காகிதத்தில் மடித்து, ஒரு பிஸ்கட் டின்னில் கொண்டுவந்தார். எல்லாவற்றையும் மேஜையில் பரப்பினார். அதிகாரி கேட்டார்: "இதுல உங்க வீடு எது?"

"என் வூடு பஜார்ல கீது சார். ஒரு கீறல்கூட இல்ல" என்று சொல்லி, உடையாத இரண்டு துண்டுகளைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து வைத்தார். "இத காட்டத்தான் வந்தேன். ஒரே நாள்ல ஒட்டனது, ஒரே சிமென்டு. அங்க ஒடையல, இங்க ஒடையுது. அடியில போய் பாருங்க."

போய்ப் பார்த்தார்கள். எங்கள் தெருவுக்கு நேர் கீழே சுரங்கத்தின் இணைப்பு விட்டுப் போயிருந்தது. அடைத்தார்கள். வீடுகளையும் திட்டத்தின் செலவிலேயே அஸ்திவாரத்திலிருந்து பலப்படுத்திக் கொடுத்தார்கள். அதற்கான உத்தரவில், கட்டுமானத்தில் குறை இல்லை என்று ஒரு வரி இருக்கிறது. அந்த வரியை அம்மா என்னை எத்தனை முறை படிக்கச் சொன்னார் என்று கணக்கில்லை. வீட்டையும் மானத்தையும் ஒன்றாக மீட்டுக் கொடுத்தவரை எங்கள் ஊர்க்காரர் என்று சொல்லிக்கொள்வதில் எனக்குக் கர்வம் உண்டு.

வேலை முடிந்த பிறகும் பாய் வந்து, அடுப்படிச் சுவரில் கடைசியாக ஒரு கண்ணாடி ஒட்டினார். "இருக்கட்டும் யக்கா, நான் பாத்துக்கறேன்" என்றார். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போதும் அம்மா அதன்மேல் மட்டை படவிடுவதில்லை.

அடக்கம் முடிந்து வீட்டுக்குப் போனேன். அம்மா முந்தானையால் அந்தக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "இன்னிக்கி வெள்ளிக்கெழமடா. பாய் வந்து பாக்கற நாளு."

பாயிடமிருந்து எனக்கு மிஞ்சியது விரல் நீளக் கண்ணாடி ஒன்று. இனி வெள்ளிக்கிழமைகளில் நான் பார்க்கிறேன். இன்றும் பார்த்தேன். உடையவில்லை.