இடிமுழக்கத்தின் அறுபத்தொரு படையெடுப்புகள்

ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், கொதிகலன் அறைக்கு அடுத்த கதவு சலவைப் பிரிவு. இருபத்தாறு வருடமாக அதன் மேற்பார்வையாளராக இருப்பவளைப் பெரிய டாக்டர் முதல் வாசல் காவலர் வரை எல்லோரும் ‘லாண்டரி அக்கா’ என்றே கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் உயிரோடு இருந்தது.

“ஈரத்தரை, பாத்து நட!” என்று இருபத்தாறு வருடம் ஊரையே அதட்டியவள், ஒரு திங்கட்கிழமை அதே ஈரத்தரையில் வழுக்கி முழங்காலை உடைத்துக்கொண்டாள். ஆறு வாரம் மாவுக்கட்டு. கணவர் காலமாகி ஒன்பது வருடம் ஆகியிருந்தது. ஒரே மகள் கல்யாணமாகி நகரத்தின் அந்தக் கோடியில் இருந்தாள். வேலை இல்லாத வீட்டில் அவள் மூன்றாம் நாளே சுவரோடு பேச ஆரம்பித்துவிட்டதைப் பார்த்த மகள், அவள் போனில் ஒரு விளையாட்டை ஏற்றிக் கொடுத்தாள்.

“இது உன் கிரகம்மா. இதுல இரும்பு, படிகம், எரிபொருள் மூணையும் தோண்டி எடுக்கணும். கப்பல் கட்டணும். மத்தவங்க வந்து கொள்ளையடிக்காம பாத்துக்கணும்.”

“நான் போனை மூடி வச்சிட்டா?”

“அப்பவும் எல்லாம் ஓடிக்கிட்டேதான் இருக்கும். நீ தூங்கினாலும் வருவாங்க.”

“அட, நம்ம ஆஸ்பத்திரி மாதிரியா!” என்று அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். விளையாட்டில் தனக்கு ‘வெள்ளைத்துணி’ என்று பெயர் வைத்துக்கொண்டாள்.

மற்ற ஆட்டக்காரர்கள் போர்த்தந்திரம் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளினார்கள். அக்காவுக்கு அதெல்லாம் தேவைப்படவில்லை. சலவைதான் அவளுக்குத் தெரிந்த தந்திரம். அழுக்குத்துணி கூடையில் தங்கினால் நாறும்; அதுபோல இரும்பு கிடங்கில் தங்கினால் திருடன் வருவான். ஆகவே தூங்கப் போகுமுன் கையிலிருக்கும் இரும்பு, படிகம் எல்லாவற்றையும் எதையாவது கட்டச் செலவழித்துக் கிடங்கைத் துடைத்து வைப்பாள். கப்பல்களை வீட்டில் நிறுத்தவே மாட்டாள். கட்டுப் பிரித்த பிறகு, வேலைக்குக் கிளம்பும்போது அவற்றை எங்கோ தூரத்துக் கிரகத்துக்கு ஆமை வேகத்தில் அனுப்பிவிடுவாள். பயணத்தில் இருக்கும் கப்பலை யாராலும் தொட முடியாது. “டிரம்முல சுத்திக்கிட்டிருக்குற துணிய எவன் திருடுவான்?” என்று மகளிடம் கேட்டாள். கப்பல்கள் திரும்பும் நேரம் அவளுடைய தேநீர் இடைவேளைக்குச் சரியாக வந்து விழும். எல்லாவற்றுக்கும் மேல், இன்ன நேரத்துக்கு வருவேன் என்று சொல்லிவிட்டு அந்த நேரத்துக்கே வந்து சேரும் ஒன்று தன் வாழ்க்கையில் இருப்பது அவளுக்குப் பிடித்திருந்தது.

கட்டுப் பிரித்து வேலைக்குத் திரும்பி ஒரு வருடம் ஆனபோது வெள்ளைத்துணிக்கு ஏழு கிரகங்கள்.

ஆனால் வினை ஒன்று பக்கத்துச் சூரியனிலேயே குடியிருந்தது. ‘இடிமுழக்கம்’ என்று ஓர் ஆட்டக்காரர். அக்கா கண் அசந்தால் போதும், வந்து வழித்துக்கொண்டு போய்விடுவார். அதிலும் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அடித்த கையோடு மரியாதையாக ஒரு கடிதமும் அனுப்புவார். ‘தங்கள் ஐந்தாவது கிரகத்தில் பாதுகாப்புக் குறைபாடு கவனிக்கப்பட்டது. ஆவன செய்யவும்.’

ஒரு நாள் கொதிகலனில் ஆவி கசிந்து, தேநீர் இடைவேளைக்கு அக்கா பதினோரு நிமிடம் தாமதமாக வந்தாள். அவளுடைய நூற்று நாற்பது சரக்குக் கப்பல்களும் அந்தப் பதினோரு நிமிடத்துக்குள் வீடு திரும்பி, இடிமுழக்கத்திடம் சிக்கித் தவிடுபொடியாகியிருந்தன. கடிதமும் வந்திருந்தது. ‘ஆழ்ந்த அனுதாபங்கள். நேரம் தவறாமை முக்கியம்.’

விரிப்பு அடுக்கும் அறையில் தலையணை உறை மூட்டை மேல் உட்கார்ந்து அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தபோது வார்டு நர்ஸ் உள்ளே வந்தாள்.

“ஐயோ அக்கா, என்னாச்சு? யாராவது தவறிட்டாங்களா?”

“எல்லாமே போச்சும்மா.”

“எல்லாருமா? எத்தனை பேர்க்கா?”

“நூத்தி நாப்பது.”

நர்ஸ் பக்கத்து மூட்டையில் தொப்பென்று உட்கார்ந்தாள். “பஸ்ஸா? ரயிலா?” என்று கேட்டாள். விஷயம் புரிந்த பிறகு இரண்டு நாள் அக்காவோடு பேசவில்லை.

அந்த விளையாட்டைச் செய்தவர்கள், ஆட்டக்காரர்களின் ஆசைகளை எழுத ஒரு பக்கம் வைத்திருந்தார்கள். எல்லோரும் அதில் பெரிய பீரங்கி கேட்டார்கள், கறுப்புக் கப்பல் கேட்டார்கள். அக்கா கேட்டது வேறு. ‘வீட்டுக்காரர் இல்லையென்றால் திரும்பி வரும் கப்பல்கள் வாசலிலேயே கொஞ்ச நேரம் காத்திருக்கக் கூடாதா? கொதிகலன் கெட்டுப்போனால் நான் என்ன செய்வேன்?’ தங்கள் ஆலோசனைக்கு நன்றி என்று ஒரு வரி பதில் வந்தது. கூடவே முன்பின் தெரியாத முப்பது பேர் கேலி செய்திருந்தார்கள்.

இனி கேட்டுப் பயனில்லை என்று அக்கா எதிரியைக் கவனிக்க ஆரம்பித்தாள். எத்தனை கறை பார்த்த கண்! மூன்று வாரத்தில் இடிமுழக்கத்தின் வண்டவாளம் தெரிந்துவிட்டது. நண்பகலில் ஒற்றன் கப்பல் அனுப்பி நோட்டம் விடுவார். கிடங்கில் சரக்கு இருந்தால் உடனே படையைக் கிளப்பிவிட்டு ஒரு தூக்கம் போடுவார். படை நாலு மணிக்கு மேல் வந்து இறங்கும். இது மாறியதே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு அக்கா பொறி வைத்தாள். ஐந்தாவது கிரகத்தில் இரும்பைக் கண்ணைப் பறிக்கும்படி குவித்தாள். காவலுக்கு ஒரு பீரங்கிகூட நிறுத்தவில்லை. நண்பகலில் ஒற்றன் வந்து நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனான். படை நாலு பத்துக்கு இறங்கும் என்று எச்சரிக்கை வந்ததும், நாலு எட்டுக்குக் கட்டி முடியும்படி முந்நூறு பீரங்கிகளுக்கு உத்தரவு போட்டுவிட்டு, அவள் மகள் வீட்டுக்குக் கிளம்பினாள்.

மகளும் மாப்பிள்ளையும் அன்றுதான் நாலாவது மாடி வீடு ஒன்றுக்குக் குடி மாறினார்கள். உதவிக்குச் சம்பந்தியும் அவர் மனைவியும் வந்திருந்தார்கள். சம்பந்தி மின்தூக்கிப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். அதிர்ந்து பேசாத மனிதர். அந்தக் கட்டடத்தின் லிஃப்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சோபாவை அதில் ஏற்றக் கூடாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். ஆகவே சோபா படியேறியது. மேல்முனையில் அக்கா, நடுவில் சம்பந்தி, கீழே பாரம் முழுவதும் மாப்பிள்ளை தலையில்.

மூன்றாவது மாடித் திருப்பத்தில் சோபா மாட்டிக்கொண்டது. அந்த நேரம் பார்த்து இரண்டு போன்களும் ஒன்றாக அதிர்ந்தன. சம்பந்தி ஒரு கையைச் சோபாவிலிருந்து எடுத்துப் போனைப் பார்த்தார். பார்த்தவர், இத்தனை வருடத்தில் யாரும் கேட்டிராத குரலில் அலறினார்.

“ஐயோ, என் கப்பலெல்லாம் போச்சே! மத்தியானம் ஒண்ணுகூட இல்லையே, எங்கேருந்துடா வந்துச்சு இத்தனை பீரங்கி!”

“அப்பா, சோபா! சோபா!” என்று கீழேயிருந்து மாப்பிள்ளை கதறினார்.

அக்கா சோபாவுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். “எந்தக் கப்பல், சம்பந்தி?”

“ஒரு விளையாட்டுங்க, சம்பந்தியம்மா. வெள்ளைத்துணின்னு ஒரு ஆளு. சரியான எமகாதகன். நேரம் பாத்து அடிச்சிட்டான்.”

“நேரம் தவறாமை முக்கியம்னு நீங்கதானே எழுதினீங்க?”

சம்பந்தி மெதுவாகத் தலையை உயர்த்தினார். சோபாவைப் பிடித்தபடி இரண்டு சாம்ராஜ்யங்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன. நாலாவது மாடியிலிருந்து சம்பந்தியின் மனைவி எட்டிப் பார்த்து, நடந்ததை மருமகளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, படியில் இறங்கி வந்தாள்.

“ஏங்க, பொண்ணு கொடுத்தவங்க வீட்டுலயா போய்க் கொள்ளையடிச்சீங்க?”

“கிரகத்துலதான்மா…”

“எத்தனை தடவை?”

பொய் சொல்லத் தெரியாத மனிதர். “அறுபத்தொண்ணு.”

“அத்தை,” என்றார் மாப்பிள்ளை ஈனசுரத்தில், “கை விட்டுடும் போலிருக்கு.”

சோபாவை எப்படியோ மேலே ஏற்றினார்கள். தேநீர் வந்தது. அக்கா ஜெயித்த சந்தோஷத்தை வெளியே காட்ட முடியாமல் டம்ளருக்குள்ளேயே சிரித்தாள். சம்பந்தி எழுந்து நின்று கைகூப்பினார். “தெரியாம நடந்துபோச்சு. மனசுல வச்சுக்காதீங்க.”

“நீங்க வேற, சம்பந்தி. விளையாட்டுதானே,” என்றாள் அக்கா. அந்த நூற்று நாற்பதும் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது வேறு விஷயம்.

சிக்கல் அதற்கப்புறம்தான். சம்பந்தியை அடிக்க அக்காவுக்குக் கை வரவில்லை. அவரும் அவளை விட்டு நெடுந்தூரம் போய் யாரையோ கொள்ளையடித்தார், எரிபொருள் செலவுக்குக்கூடக் கட்டுப்படியாகவில்லை. விளையாட்டில் போர் உண்டு, சமாதானம் உண்டு, கூட்டணி உண்டு. கூட்டணி என்றால் கிடங்கைத் திறந்து காட்ட வேண்டும். அந்த அளவுக்கு அவரை நம்ப அவள் தயாராக இல்லை. சமாதானம் ஒரே வாரத்தில் அலுத்துப்போனது. இருவர் முகத்திலும் களை இல்லை என்று மகளே சொன்னாள்.

அக்கா மறுபடி ஆசைப் பக்கத்துக்குப் போனாள். ‘நீங்கள் வைத்திருக்கும் மூன்று உறவும் போதாது. நாலாவதாக ஒன்று வேண்டும். அதற்குச் சம்பந்தி என்று பெயர் வையுங்கள். அடித்துக்கொள்ளலாம், ஆனால் முறையாகச் சொல்லிவிட்டு அடிக்க வேண்டும். ஒரு நாள் முன்பே அறிவிப்பு, காரணம் எழுத்தில். அடித்த பிறகு முகத்தில் முழிக்கும்படி இருக்க வேண்டும்.’

இந்தத் தடவை கேலி வரவில்லை. ஒருவர் தன் மைத்துனனை இரண்டு வருடமாகத் தெரியாமல் அடித்து வருவதாக எழுதினார். இன்னொருவருக்கு அலுவலக மேலதிகாரி. ஒரு பெண்ணுக்குச் சொந்தப் புருஷன். பத்து நாளில் நாலாயிரம் பேர் கையைத் தூக்கினார்கள். மூன்று மாதம் கழித்து விளையாட்டில் அந்த நாலாவது பொத்தான் வந்தேவிட்டது. பெயரை மட்டும் ‘உறவு’ என்று சுருக்கிவிட்டார்கள்.

பொத்தான் வந்த அன்றே முதல் அறிவிப்பு வந்தது. ‘நாளை மாலை நாலு மணிக்குத் தங்கள் இரண்டாவது கிரகத்தைத் தாக்க உத்தேசம். காரணம்: பொழுது போகவில்லை.’

அக்கா நின்ற இடத்திலேயே பதில் எழுதினாள். ‘நாலு மணிக்குக் கொதிகலன் பரிசோதனை. ஐந்துக்கு வரவும். முழங்கால் வலிக்குத் தாங்கள் சொன்ன தைலம் நன்றாகக் கேட்கிறது.’

அப்படி ஒரு மூன்று மாதம் இருவரும் கண்ணியமாக அடித்துக்கொண்டார்கள். பிறகு ஒரு நாள், யாரோ ‘படிக்கட்டு’ என்ற பெயரில் புதிதாக வந்து, எந்த அறிவிப்பும் இல்லாமல் இருவரையும் ஒரே மதியத்தில் துடைத்து எடுத்துவிட்டார்கள். சம்பந்தி பதறிப்போய் அக்காவுக்குப் போன் செய்தார்.

“உங்க கப்பலும் போச்சா, சம்பந்தியம்மா? யாருன்னு தெரியலையே!”

அவருக்குப் பின்னால் சமையலறையிலிருந்து அவர் மனைவியின் சிரிப்புச் சத்தம் அக்காவுக்குத் தெளிவாகக் கேட்டது. “எனக்கும் தெரியலையே, சம்பந்தி,” என்றாள் அக்கா. போனை வைத்துவிட்டு, ‘படிக்கட்டு’க்கு ஒரு கூட்டணி அழைப்பு அனுப்பினாள்.