சுலோச்சனா அக்கா கேட்ட கணக்குப் பாடம்

அன்று வெள்ளிக்கிழமை மாலை மூன்றரை மணிக்குக் கூடிய பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இருந்தவர்கள்: தலைமையாசிரியை அம்மா, பொருளியல் எடுக்கும் மல்லிகா டீச்சர், வார்டு கவுன்சிலர் சார்பாக வந்திருந்த ஒருவர், பெற்றோர் தரப்பில் பர்வீன், ராணி, செல்வி, கூட்டக் குறிப்பு எழுதும் ஸ்டெல்லாவாகிய நான். ஆக ஏழு பேர். வராதவர் ஒருவர்தான், குழுவின் தலைவி சுலோச்சனா அக்கா.

இருபது நிமிடம் காத்திருந்தோம். "தலைவியே லேட்டா வந்தா எப்படிம்மா? வரலைன்னு போட்டுட்டு ஆரம்பிங்க" என்றார்கள் தலைமையாசிரியை அம்மா. நானும் தீர்மான நோட்டில் அக்காவின் பெயருக்கு நேரே "வரவில்லை" என்று எழுதினேன். எழுதிய மை காய்வதற்குள் பர்வீனின் போன் அடித்தது. கேட்டுக்கொண்டே எழுந்து நின்றவள், போனைக் காதிலிருந்து எடுக்காமலேயே சொன்னாள்: "சுலோச்சனாக்கா மவுத்தாயிட்டாங்களாம்."

எண்ணூர்ப் பக்கம் ஒரு கம்பெனி கேண்டீனில் அக்காவுக்கு வேலை. முதல் ஷிஃப்டுக்கு இட்லி ஊற்றுவதில் தொடங்கி மதியச் சாப்பாட்டுப் பாத்திரம் கவிழ்ப்பதுவரை அவர் பொறுப்பு. அன்றும் எல்லாம் முடித்து, கூட்டத்துக்குக் கிளம்ப முகம் கழுவிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் பிரிந்துவிட்டது. வயது நாற்பத்து நான்கு. முந்தின நாள் என்னிடம் "நெஞ்சு எரியுது ஸ்டெல்லா" என்று சொன்னார். மோர் குடிக்கச் சொன்னவள் நான்.

நினைவேந்தல் கூட்டத்தில் எல்லோருக்கும் கொடுக்க ஒரு தாள் அச்சிடப் போகிறோம், இரண்டு பக்கத்துக்கு நல்லவிதமாக எழுதிக் கொடுங்கள் என்று தலைமையாசிரியை அம்மா என்னைக் கேட்டுக்கொண்டார்கள். கோபத்தோடு எழுதக் கூடாது என்பதால் ஜெபமாலை சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தேன். ஐந்து தேவரகசியமும் முடிந்தது. கோபம் முடியவில்லை. ஆகவே கோபத்தோடேயே எழுதுகிறேன். ஆண்டவர் பொறுத்துக்கொள்வார்.

அக்காவைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். திருவொற்றியூர்க் கடலோரத் தெருவில் என் வீட்டிலிருந்து நாலாவது வீடு அவருடையது. கணவர் இறந்த பிறகு ரேவதி, கனகா என்ற இரண்டு பெண்களையும் தனியாக வளர்த்தார். சத்தம் போட்டுப் பேசுவார். சத்தம் போட்டுச் சிரிப்பார். நான் பூசைக்குப் போகும்போது வாசலில் நின்று, "எனக்கும் சேத்து முட்டி போடு ஸ்டெல்லா, எனக்கு முட்டி வலி" என்பார்.

ஐந்து வருடத்துக்கு முன் மூத்தவள் ரேவதி பத்தாவது முடித்தாள். பிளஸ் ஒன் விண்ணப்பத்தை வாங்கியதும் அக்கா நேரே என் வீட்டுக்கு வந்தார். நான் எட்டாவதுவரைதான் பள்ளிக்கூடம் போனவள். மற்றதெல்லாம் பேப்பர் படித்தும் பிள்ளைகளின் புத்தகத்தைப் புரட்டியும் தெரிந்துகொண்டது. ஆனாலும் எங்கள் தெருவில் ரேஷன் கார்டோ ஆஸ்பத்திரிச் சீட்டோ எது வந்தாலும் படித்துச் சொல்ல என்னிடம்தான் வரும்.

"இத்த கொஞ்சம் பாத்து சொல்லு. பொண்ணு எகனாமிக்ஸ் டிகிரி படிக்கணுன்னுது. ஆர்பருக்கு இவ்ளோ கன்டெய்னர் பொட்டி வருது, போவுது, நம்ம தெரு மட்டும் ஏன் இப்டியே கீதுன்னு கேக்குது. எனக்கு இன்னா தெரியும்? அத்த படிச்சா தெரியுமாம்."

நான் விரல் வைத்துப் படித்தேன். முதல் குரூப்பில் கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் என்று இருந்தது. மூன்றாவது குரூப்பில் வரலாறு, பொருளியல், வணிகவியல், கணக்குப் பதிவியல். "இதோ பொருளியல்னே போட்டிருக்கே அக்கா, இதுதான்" என்றேன். பள்ளியிலும் அதையேதான் சொன்னார்கள். ரேவதி மூன்றாவது குரூப்பில் சேர்ந்தாள். பத்தாவதோடு அவளுக்குக் கணக்குப் பாடம் முடிந்துபோனது.

இரண்டு வருடம் நன்றாகத்தான் படித்தாள். பொருளியலில் வகுப்பிலேயே முதல் மார்க். அவள் ஆசைப்பட்ட கல்லூரிக்கு விண்ணப்பம் வாங்கப் போனபோது, அங்கே கவுன்ட்டரில் இருந்தவர் மார்க் ஷீட்டைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பன்னிரண்டாவதில் கணிதமோ வணிகக் கணிதமோ படித்திருக்க வேண்டுமாம். அக்கா விடவில்லை. "எங்க பொண்ணு எகனாமிக்ஸ்ல பஸ்ட்டு சார்" என்று மன்றாடியிருக்கிறார். அதற்கு அவர் சொன்ன பதிலை அக்கா என்னிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். "அம்மா, பொருளாதாரம் தெரியாம வந்தா நாங்க சொல்லிக் கொடுப்போம். கணக்கு தெரியாம வந்தா அதைச் சொல்லிக் கொடுக்க எங்களுக்கு நேரமில்லை."

பொருளாதாரம் படிக்கப் பொருளியலைவிடக் கணக்குதான் முதலில் வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. அக்காவுக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டியவர்கள் பள்ளியில் இருந்தார்கள்.

அன்று அக்கா வெயிலோடு என் வீட்டுக்கு வந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்து நான் சமையலறையைவிட்டு வெளியே வரவில்லை. அவரே உள்ளே வந்தார்.

"இன்னாத்துக்கு ஒளிஞ்சிகினு கீற? உன் மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. நீ படிச்சத சொன்ன. படிச்சவங்க சொல்லல பாரு, அவங்க மேலதான்."

எனக்கு அழுகை வந்தது. "அய்ய, இவ ஒருத்தி. அழுவறத வுட்டுட்டு டீ போடு" என்றார்.

கணக்கு கேட்காத கல்லூரிகளும் இருக்கின்றன. ரேவதி அப்படி ஒன்றில் பொருளாதாரமே சேர்ந்து இப்போது முடித்தும்விட்டாள். ஆனால் முதல் வருடமே புள்ளியியல் வகுப்பில் போர்டில் எழுதுவது அவளுக்கு ஏறவில்லை. முதல் குரூப் எடுத்து வந்த பிள்ளைகள் தலையாட்டுவார்களாம், இவள் குனிந்து அப்படியே பார்த்து எழுதுவாளாம். "அம்மா, நான் எகனாமிக்ஸ் படிக்கல. எகனாமிக்ஸ மனப்பாடம் பண்ணிகினு கீறேன்" என்று அவள் சொன்ன நாளில் அக்கா சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகுதான் அவர் மேலாண்மைக் குழுவுக்கு வந்தார். இளையவள் கனகா அப்போது எட்டாவது. "சின்னவளாச்சும் தப்பிக்கட்டும். அவ கூட பத்து பொண்ணு தப்பிக்கட்டும்" என்றார். தலைவியாக யாரும் நிற்க முன்வராததால் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். கேண்டீன்காரம்மாதானே, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார் என்று நினைத்திருக்க வேண்டும்.

நம் பள்ளியில் பிளஸ் ஒன் சேர்க்கை எப்படி நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். பத்தாவது மார்க்கைப் பார்த்து, இங்கே இருக்கும் இரண்டு குரூப்பில் எது என்று விண்ணப்பத்தின் மேல் மூலையில் முன்கூட்டியே பென்சிலால் 1 அல்லது 3 என்று போட்டுவிடுவார்கள். தாயும் பெண்ணும் உள்ளே போகும்போது எல்லாம் முடிந்திருக்கும். முதல் வருடச் சேர்க்கையன்றே அக்கா அதைக் கண்டுபிடித்துவிட்டார். மறுநாள் கேண்டீன் தொப்பியைக்கூடக் கழற்றாமல் ஓர் அழிரப்பரோடு வந்து, வரிசைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"இன்னா படிக்கப் போற கண்ணு? நர்ஸா? அதுக்கு பயாலஜி வேணும், மூணாவது குரூப்ல அது கெடையாது. வாத்தியார கேளு" என்பார். பென்சில் எண்ணை அழிப்பார். "இப்ப உள்ள போய் உன் வாயால சொல்லு" என்று அனுப்புவார்.

விண்ணப்பம் வாங்கும் ஆசிரியர் ஒருவர் வெளியே வந்து கத்தினார். "யாரும்மா நீ? எழுதினதை அழிக்கிற?"

"நானா? தலைவி. போர்டுல பேரு கீது பாரு சார்."

"தலைவின்னா அழிக்கலாமா?"

"பென்சில்ல எழுதினா அழிப்பேன். சரின்னு தோணுனா பேனால எழுதேன், யாரு வேணான்னது?"

வரிசையே சிரித்தது. அவர் உள்ளே போய்விட்டார். அன்றிலிருந்து ஆசிரியர் அறையில் அக்காவுக்குப் "பேஜாரு பார்ட்டி" என்று பெயர். நான் என் காதால் கேட்டேன்.

ஆனால் அழித்தால் மட்டும் போதாது என்று அக்காவுக்கு விரைவில் புரிந்தது. கணக்கு இருக்கும் முதல் குரூப்பில் அறிவியலில் மார்க் குறைந்தவர்களைச் சேர்ப்பதில்லை. மூன்றாவதில் கணக்கு இல்லை. வரலாற்றுக்குப் பதிலாக வணிகக் கணிதம் வைத்து ஒரு குரூப் தொடங்கினால் பொருளாதாரம் படிக்க நினைக்கும் பிள்ளைக்கு இரண்டும் கிடைக்கும். மல்லிகா டீச்சர்தான் இதை எங்களுக்கு விளக்கினார். அக்கா தலைமையாசிரியை அம்மாவிடம் கேட்டார். போதுமான பிள்ளைகள் விருப்பம் தெரிவித்து எழுதிக் கொடுத்தால் மேலே அனுப்பலாம் என்று அவர்களே சொன்னார்கள். அந்த வார்த்தையை நம்பிப் போன வருடம் நானும் அக்காவும் வீடு வீடாகப் போனோம்.

டிரெய்லர் ஓட்டும் ஒருவர் வாசலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "இன்னா சுலோச்சனா, கையெழுத்து வாங்கினு திரியற. எலக்சன்ல நிக்கிறியா?"

"நின்னா மட்டும் நீ போட்டுடப் போறியா? உன் பொண்ணு கணக்குல நல்லா வாங்குது. பிளஸ் ஒன்ல கணக்கு வேணும்னு எழுதிக் குடு."

"பொட்டப் புள்ளைக்கு எதுக்கு கணக்கு? ஈசியான குரூப்பா போடச் சொல்லு."

"நீ வண்டி கத்துக்கினப்போ ஸ்டேரிங் மட்டும் கத்துக்க, கியரு கஷ்டம், வேணான்னு எவனாச்சும் சொன்னானா?"

அந்த மனிதர் வலது கையை நக்கிவிட்டு இடது கையால் கையெழுத்துப் போட்டார்.

இப்படி வாங்கிய கையெழுத்துகளோடு போன ஜூன் மாதம் மனுவைக் கொடுத்தோம். ஜூலைக் கூட்டத்தில் கேட்டபோது "பரிசீலனையில் உள்ளது" என்றார்கள். அக்டோபரிலும் அதே பதில். ஜனவரியில், கணக்கு டீச்சருக்கு ஏற்கெனவே பீரியட் நிறைந்துவிட்டது என்றார்கள். மார்ச்சில், மனுவின் நகல் இருந்தால் ஒன்று கொடுங்கள் என்று கேட்டார்கள். அக்கா அப்போதுதான் முதல் தடவையாக ஒன்றும் பேசாமல் வெளியே வந்தார். படிக்கட்டில் நின்று, "ஸ்டெல்லா, அத்த மேல அனுப்பவே இல்லடி" என்றார். நகலை அன்றே எழுதிக் கொடுத்தோம்.

இந்த வருடம் கனகா பத்தாவது முடித்துவிட்டாள். கணக்கில் அருமையான மார்க். அறிவியலில் குறைவு. அக்கா பயந்தது அப்படியே நடந்தது. வணிகக் கணிதம் இருக்கும் இன்னொரு பள்ளிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். அங்கேயும் அந்தப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் போக மிச்சம் இருந்தால்தான் மற்றவர்களுக்கு இடம். அதனால்தான் அந்த வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு மூன்றாவது பொருளாக "வணிகக் கணிதப் பிரிவு தொடங்குவது பற்றி இறுதி முடிவு" என்று என்னை எழுதவைத்தார். "இறுதின்னு போடு. இல்லாங்காட்டி ஜவ்வு மாறி இழுப்பாங்க."

பர்வீன் செய்தியைச் சொன்னதும் எல்லோரும் எழுந்து நின்று மௌனம் காத்தோம். செல்வி அழுதாள். பிறகு இரங்கல் தீர்மானத்தைத் தலைமையாசிரியை அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். "கல்விப் பணியில் தம்மை அர்ப்பணித்துக்கொண்ட அன்னாரின் மறைவுக்கு மரியாதை செலுத்தும் வகையில் இன்றைய மற்றப் பொருள்கள் ஒத்திவைக்கப்படுகின்றன." ஏழு பேரும் கையெழுத்துப் போட்டோம். அழுதுகொண்டே போட்டதில் நான் என்ன எழுதினேன் என்று எனக்கே உறைக்கவில்லை.

மறுநாள் காலை அக்காவை வாசலில் கிடத்தியிருந்தார்கள். பள்ளியிலிருந்து பெரிய மாலை வந்தது. பேஜாரு பார்ட்டி என்றவர்களும் வந்தார்கள். "இப்படி ஒரு தாயைப் பார்க்க முடியாது" என்று ஒருவர் என்னிடமே சொன்னார். கனகா அக்காவின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து மெதுவாகக் கேட்டாள்: "ஆன்ட்டி, மூணாவது இன்னா ஆச்சி? அம்மா நேத்து அதுக்குத்தான கெளம்புச்சி."

ஒத்திவைத்துவிட்டோம் என்றேன். ஏன் என்று கேட்டாள். அம்மா இறந்ததால் என்று அந்தக் குழந்தையின் முகத்தைப் பார்த்து நான் சொல்ல வேண்டியிருந்தது.

இதுதான் என் கோபம். உயிரோடு இருந்தவரை ஒவ்வொரு காரணமாகச் சொல்லித் தள்ளிவைத்தோம். இறந்த பிறகு அவர் சாவையே காரணமாக்கித் தள்ளிவைத்தோம். அதற்கு மரியாதை என்று பெயரும் வைத்தோம். அதை எழுதியது என் கை. இந்த முறை பள்ளியை மட்டும் குறை சொல்லி நான் தப்பித்துக்கொள்ள முடியாது.

அக்காவை எடுத்தபோது, முதல் ஷிஃப்ட் முடித்த கேண்டீன் பெண்கள் வேலை உடையிலேயே ஓடி வந்து சேர்ந்தார்கள். அவர்கள் நெற்றியில் வியர்வையும் கையில் மாவும் இருந்தன. தெருமுனையில் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்று வழி அடைத்திருந்தன. பெண்கள் நாலு பேர் நடுரோட்டில் போய்க் கையை விரித்து நின்று லாரிகளைப் பின்னால் போகச் சொன்னார்கள். முதல் லாரி நகர்ந்தது. பிறகு அடுத்தது. அந்த இடைவெளியில் அக்கா கடற்கரைப் பக்கமாகப் போனார்.

போய் வாருங்கள், அக்கா. உங்களுக்காக நான் முட்டி போட்டுக்கொள்கிறேன்.

தலைமையாசிரியை அம்மா அவர்களுக்கு ஒரு வார்த்தை. இதை அச்சிடாவிட்டாலும் நினைவேந்தலில் எழுந்து நின்று வாசிப்பேன். பிளஸ் ஒன் விண்ணப்பம் வருகிற திங்கட்கிழமை முதல் கொடுக்கப்படும் என்று போர்டில் எழுதியிருக்கிறது. கனகாவும் இன்னும் பல பிள்ளைகளும் அந்த வரிசையில் நிற்பார்கள். நம் பள்ளியில் இந்த வருடம் வணிகக் கணிதம் உண்டா, இல்லையா? திங்கட்கிழமைக்கு முன் எழுத்தில் பதில் கொடுங்கள்.