கைக்குட்டைக்குள் வைத்த அப்பம்

அன்பான சபையாரே, ஆண்டவர் செய்ததைச் சொல்லும் சாட்சியைச் சிரித்த முகத்தோடு சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. ஆறாமலேயே சொல்கிறேன்.

எங்கள் வீடு ஆவடியில், அப்பா வேலை பார்க்கும் தொழிற்சாலையின் குவார்ட்டர்ஸ். பாடகர் குழுவுக்கு அங்கி தைக்க அளவெடுத்தபோது, எனக்கு மட்டும் இரண்டு பேர் துணி வேண்டும் என்றார் ஒரு அக்கா. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பூந்தமல்லியிலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள், எங்கள் வீட்டுக் கேசரியை வழித்துத் தின்றுவிட்டு, பெண் பருமன் என்று ஆள் விட்டுச் சொன்னார்கள்.

போன வருடம் ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் உபவாசம் தொடங்கினேன். ஈஸ்டர் வந்து போனது. என் உபவாசம் முடியவில்லை. ஜெபிக்க யாருடைய கஷ்டமாவது ஒரு பாரமாகக் கிடைத்துக்கொண்டே இருந்தது. நான் நடிக்கவில்லை. ஆண்டவருக்காகத்தான் என்று மனதார நம்பினேன்.

மெலிய மெலியச் சபையில் பாராட்டு. முகத்தில் ஆவியானவரின் அபிஷேகம் தெரிகிறதாம். அபிஷேகமா அது? தோலுக்கு மேலே துருத்திய எலும்பு. முடி கொத்தாக உதிர்ந்தது. மாதவிலக்கு நின்றது. அண்ணனூர் ஸ்டேஷன் படியில் மயங்கி விழுந்தேன். சாத்தான் தடுக்கிறான், உபவாசத்தை விடாதே என்று அதற்கும் புத்தி சொன்னார்கள். என் கண்ணாடியிலோ நான் இன்னும் குண்டாகவே இருந்தேன்.

மயங்கி விழுந்த அன்று ராத்திரி நான் ஜெபிக்கவில்லை, சண்டை போட்டேன். "ஆண்டவரே, உமக்காகத்தானே பட்டினி கிடக்கிறேன்? அப்புறம் ஏன் செத்துக்கொண்டிருக்கிறேன்? எனக்கு என்னவென்று காட்டும்."

அடுத்த ஞாயிறு, இயேசுவின் நினைவாக அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்து. உள்ளங்கையில் அப்பம், நகத்தளவுத் துண்டு. இது உள்ளே போனால் இடுப்பில் சதையாகுமே என்று பயம் வந்தது. எல்லாரும் கண் மூடியிருந்தபோது கைக்குட்டைக்குள் வைத்துக்கொண்டேன்.

பக்கத்தில் இருந்த ஸ்டெல்லா அக்கா கண்ணை மூடவில்லை. அம்பத்தூரில் தையல் கடை வைத்திருப்பவர். என் சுடிதார்களைத் திரும்பத் திரும்பப் பிடித்துத் தைத்துத் தந்தவர்.

"ஏம்மா, அவரு குடுக்குறதக்கூடவா துன்ன மாட்ட?"

உபவாசம் அவருக்காக என்றால், அவருடைய அப்பத்துக்கு நான் ஏன் பயப்பட வேண்டும்? அந்த நொடியில் தெரிந்தது. நான் கேட்ட கேள்விக்கு அதுதான் பதில்.

வெளியே வந்து தேம்பினேன். அக்கா என் கையை விடவில்லை. "டாக்டராண்ட போலாம் வா. ஜெபத்த நான் ஆட்டோல பண்ணிக்கிறேன்."

இது வியாதி என்றார் டாக்டர். நமக்கே தெரியாமல் மனதுக்குள் வேர் பிடித்த பயம் என்றார். இதயம் தளர்ந்திருந்தது. இன்னும் தாமதித்திருந்தால் பிழைத்திருக்க மாட்டேனாம். மருந்து, ஆலோசனை, கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பாடு. இன்றும் சில நாள் தட்டைப் பார்த்தால் தள்ளி வைத்துவிடத் தோன்றும். அப்போது அக்கா எதிரே உட்கார்ந்து ஊர்க்கதை பேசிக்கொண்டே சாப்பிடுவார். நானும் சாப்பிட்டுவிடுவேன்.

போன வாரம் ஆராதனை முடிந்ததும் ஒரு சகோதரி, "இன்னா, இப்டி சதை போட்டுட்ட?" என்றார்.

"ஆமாக்கா, ஜெபத்துக்குக் கிடைச்ச பதில்" என்றேன்.

அடுத்தவர் உடம்பை அளக்கும் வாயை இனியாவது அடக்குங்கள். உங்களில் யாராவது சாப்பாட்டுத் தட்டு வரும்போதெல்லாம் உபவாசம் என்று நகர்ந்துகொண்டிருந்தால், என்னிடம் வாருங்கள். ஆண்டவரிடம் கோபமாகவே கேளுங்கள், அவர் கேட்பார். டாக்டரிடம் நானும் அக்காவும் கூட வருகிறோம்.

இந்த மாதத் திருவிருந்தில் கைக்குட்டையை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தேன். அப்பத்தை வாங்கினேன். நன்றாக மென்று விழுங்கினேன்.