ஆறு இடத்தில் ‘நாம்’

முன்னறையில் யாரோ இருமினார்கள்.

அடுப்படியில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்த டைப்பம்மாவின் கை அப்படியே நின்றது. சின்னதாக இரண்டு, பிறகு நீளமாக ஒன்று. பதினோரு வருஷமாக அலுவலகப் பலகைத் தடுப்புக்கு அப்பாலிருந்து கேட்டுக் கேட்டுப் பழகிய இருமல் அது.

மருமகள் மூச்சிரைக்க ஓடி வந்தாள். "அத்தை, பெரியவர்! வண்டிகூட இல்லை, நடந்தே வந்திருக்கார்!"

நாட்டின் தலைவரைத்தான் எல்லோரும் பெரியவர் என்பார்கள். போர்க்காலத்தில் அப்படிப்பட்டவர் ஒரு வீட்டுப் படியேறினால் காரணம் ஒன்றுதான் இருக்க முடியும். டைப்பம்மாவின் ஒரே மகன் எல்லையில் இருந்தான். அவன் கடிதம் வந்து இருபத்திரண்டு நாளாகிறது. கத்தியைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் அவள் முன்னறைக்குப் போனாள்.

"பையனைப் பத்திக் கெட்ட சேதி எதுவும் இல்லை டைப்பம்மா," என்றார் பெரியவர், அவள் வாய் திறக்கும் முன்பே. "முதல்ல அதைச் சொல்லிடறேன். இப்போ அந்தக் கத்தியைக் கீழ வைங்க. எதிரிகிட்டகூட நான் இப்படி மாட்டினதில்லை."

அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். கண்ணீர் கொட்டியது. வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

கணவர் பாலம் கட்டும் வேலையில் விழுந்து இறந்தபோது அவளுக்கு நாற்பது வயது. அதுவரை தட்டச்சு இயந்திரத்தைத் தொட்டுப் பார்த்தது கிடையாது. பக்கத்து வீட்டில் இரண்டு எழுத்து உடைந்து கிடந்த இயந்திரத்தைக் கேட்டு வாங்கி, நாலே மாதத்தில் கற்றுக்கொண்டு, பெரியவரின் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து, எல்லோருக்கும் ‘டைப்பம்மா’ ஆனாள். வைராக்கியம் என்றால் அது வைராக்கியம்! அவள் தட்டிய தாளைத் திருப்பிப் பார்க்கவே வேண்டாம் என்று அலுவலகத்தில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சுதான் வினையாய் முடிந்தது.

முந்தாநாள், உணவுப் பங்கீட்டைப் பாதியாகக் குறைப்பதைப் பற்றி வானொலியில் பேச வேண்டிய உரையைப் பெரியவர் சொல்லச் சொல்ல, அவள் சுருக்கெழுத்தில் எடுத்துக்கொண்டாள். ‘நீங்கள் பசி பொறுக்க வேண்டும்’, ‘நீங்கள் தளராமல் இருக்க வேண்டும்’ என்று ஆறு இடத்தில் ‘நீங்கள்’ வந்தது. ஆறு இடத்திலும் அவள் ‘நாம்’ என்று தட்டியிருந்தாள். அவர் தாளை ஒலிவாங்கி முன்னால்தான் முதல்முறை பார்த்தார்; இருந்தபடியே வாசித்தார். நாடே கேட்டது.

செயலாளர் அவளுடைய சுருக்கெழுத்து நோட்டை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார். "சொன்னதை மாத்த நீங்க யாரு? வீட்டுக்குப் போங்க!"

இப்போது பெரியவர் சட்டைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து மேஜையில் வைத்தார். "செயலாளர் எழுதினது. ‘கைத்தவறால் நேர்ந்த பிழை, மன்னிக்கவும்’னு இருக்கு. கையெழுத்துப் போட்டா வேலை திரும்ப உங்களுக்குத்தான்."

அந்த வேலை திரும்பக் கிடைக்காவிட்டால் வீட்டில் இரண்டு வயிறும், மருமகள் சுமக்கும் மூன்றாவது வயிறும் காய வேண்டியதுதான். கதவோரம் நின்ற மருமகள் ‘போட்டுடுங்க’ என்று ஜாடை காட்டினாள்.

"கைத்தவறுதானே?" என்றார் பெரியவர்.

டைப்பம்மா கடிதத்தைப் பார்த்தாள். "முதல் இடத்துல கைதான் ஐயா. எனக்கே தெரியாம விழுந்துச்சு. மீதி அஞ்சும் நான்தான். தெரிஞ்சேதான் தட்டினேன்."

மருமகள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஏன்?"

"‘நீங்க பொறுத்துக்கணும்’னா அதிகாரமா இருக்குங்க. ‘நாம’ன்னா வீட்ல பேசற மாதிரி இருக்கு. உங்களுக்கும் நல்ல பேர் வரும்னு நினைச்சேன்."

பெரியவர் சிரித்தார். அதில் சந்தோஷம் இல்லை.

"நான் யோசிக்காமலா ‘நீங்கள்’னு சொன்னேன்? டாக்டர் உத்தரவுன்னு எனக்கு மூணு வேளையும் முழுச் சாப்பாடு வருது டைப்பம்மா. ‘நாம்’னு சொல்ல எனக்கு ஏது வாய்? சண்டையில தோத்தா மறுபடி ஜெயிக்கலாம். ஜனங்ககிட்ட ஒரு பொய் சொல்லிட்டா, அப்புறம் ஜெயிச்சேன்னு சொன்னாக்கூட நம்ப மாட்டாங்க. நீங்க ஆறு தடவை என்னைப் பொய்யனாக்கிட்டீங்க."

அவளுக்குக் காது மடல் சுட்டது. பூச்சூட்டுவதாக நினைத்து அந்த மனிதரின் நெஞ்சில் முள்ளையல்லவா குத்திவிட்டாள்! அவள் மெல்ல நிமிர்ந்தாள்.

"அப்போ வார்த்தையைத் திருத்தாதீங்க ஐயா. சாப்பாட்டைத் திருத்துங்க. வார்த்தை தானா உண்மையாயிடும்."

வேலை போயே போயிற்று என்று மருமகள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"எனக்கு எழுபத்தொரு வயசு," என்றார் பெரியவர். "டாக்டர் குதிப்பார்."

"குதிக்கட்டும் ஐயா. அவருக்கும் அரை வயிறுதானே? ரொம்ப உயரம் குதிக்க முடியாது."

பெரியவர் இந்த முறை வாய்விட்டே சிரித்தார். கடிதத்தை நாலாகக் கிழித்து, துண்டுகளைப் பத்திரமாகப் பையில் போட்டுக்கொண்டார்.

"நீங்க செஞ்சது சரின்னு சொல்ல மாட்டேன். சொல்லாததைத் தட்டினது தப்புதான். இனிமே ஒவ்வொரு தாளையும் எனக்கு வாசிச்சுக் காட்டிட்டுத்தான் வெளியே அனுப்பணும். ஒரு வார்த்தை பிடிக்கலைன்னா என் முகத்துக்கு நேரா சொல்லுங்க. காலையில எட்டு மணிக்கு வந்துடுங்க. முதல் வேலையா என் சமையல்காரருக்கு ஒரு உத்தரவு தட்டணும்."

"செயலாளர்..."

"அவர்கிட்ட நான் பேசிக்கறேன்."

"ஐயா, ஒரு வாய் டீயாவது..." என்று தயங்கினாள் மருமகள்.

"வேண்டாம்மா. இப்போ உன் பங்கே உனக்குப் பத்தாது."

அவர் கைப்பிடியைப் பற்றி ஒவ்வொரு படியாக இறங்கினார். தெருவில் யாரும் அவரைக் கவனிக்கவில்லை. அவர் முனை திரும்பும்வரை வாசலில் நின்ற டைப்பம்மா, உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.