தவிட்டம்மாள் என்ற பெயரைத் தேடித் திருத்தணிக்கு

பி.ஏ. தேறியதும் ஒரு பெண்கள் பள்ளியில் எனக்கு வேலை கிடைத்தது. சேருமுன் பெயரை மாற்றிக்கொண்டால் நல்லது என்று தலைமை ஆசிரியை ஜாடையாகச் சொன்னார். என் பெயர் தவிட்டம்மாள். நான்கு வருஷம் கல்லூரியில் ஆஜர் கூப்பிடும்போதெல்லாம் எழுந்த சிரிப்பு போதும் என்றிருந்தது. மாற்றுவதற்கு முன், அது எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிட எண்ணிச் சென்ற வைகாசியில் திருத்தணிக்குப் போனேன்.

தை மாதமே அம்மா விவரம் சொல்லியிருந்தாள். எனக்கு முன் பிறந்த மூன்றும் தங்கவில்லை. ஆகவே மலைப்படியில் பூ விற்கும் முனியம்மாளிடம் என்னை ஒரு படி தவிட்டுக்கு விற்று, அவள் பிள்ளையாகவே வளர்ப்பதாகச் சொல்லித் தூக்கி வந்தார்கள். அயலாள் பிள்ளையைத் தேடி எமன் எங்கள் வீட்டுக்கு வரமாட்டானாம். ஆனால் விற்றவள் அந்தப் பிள்ளையோடு வாங்கியவள் கண்ணில் படக்கூடாது. பட்டால் எமனுக்கு அடையாளம் தெரிந்துவிடும். “நீ மட்டும் போனால் தோஷமில்லை” என்றாள் அம்மா. பரீட்சை முடியட்டும் என்று தள்ளிப்போட்டவள் நான்தான்.

பட்டணத்திலிருந்து காலை ஆறரை வண்டி. யுத்தம் முடிந்தும் பெண்கள் பெட்டியில் நிற்கத்தான் இடம். அரக்கோணம் நாற்பத்துமூன்று மைல். அங்கே வண்டி மாறி இன்னும் எட்டு மைல். ஸ்டேஷனிலிருந்து மலையடிவாரத்துக்கு ஜட்கா நாலணா.

“ஒண்டியா வந்துகீறியேம்மா, வேண்டுதலையா?” என்றார் ஜட்காக்காரர். ஆமாம் என்று பொய் சொன்னேன்.

முதலில் மேலே ஏறினேன். தவிட்டுக்குப் பிள்ளை விற்கும் வழக்கம் எப்போது தொடங்கியது என்று குருக்களைக் கேட்டேன். “எங்க தாத்தாவோட தாத்தா காலத்துலயும் இருந்துது. அதுக்கு முன்னால சுவாமிக்குத்தான் தெரியும்” என்றார்.

இறங்கி வந்து படியோரம் பூ கட்டிக்கொண்டிருந்த பெண்ணிடம் முனியம்மாளை விசாரித்தேன். பெயரைக் கேட்டாள், சொன்னேன். நார் அவள் கையில் அப்படியே நின்றது.

“ஆங், தவுட்டம்மாவா? இப்பத்தான் வழி தெரிஞ்சுதா ஒனக்கு? நான் மங்கம்மா, ஒங்க அக்கா. அம்மா போயி இருபது நாளாச்சு.”

நான் அவள் பக்கத்துப் படியில் உட்கார்ந்தேன். அவள் தொடர்ந்தாள்.

“ஆடிக் கிருத்திகைன்னா அது யாவாரத்தயே பாக்காது. ஏறுற பொண்ணுங்க மூஞ்சியயே பாத்துகினு இருக்கும். எம்பொண்ணு இதுல எதுவோன்னும். ஒரு படி தவுட்ட மாட்டுக்குப் போட்டிருந்தா பாலாச்சும் கறந்திருக்கும்னு நாங்க கேலி பண்ணுவோம். சாவறப்ப, கோடிப் புடவை போட பொண்ணுங்க ரெண்டு பேரும் வரணும்னுச்சு. ஒன் ஊரு தெரியலியே, எங்க போயி சொல்றது? ஒன் பங்குக்கும் நானே போட்டேன்.”

நாங்கள் ஆடிக் கிருத்திகைக்கு மூன்று முறை இந்த மலை ஏறியிருக்கிறோம். வெயில் என்று சொல்லி அம்மா தன் முந்தானையால் என் முகத்தை மூடி, கையைப் பிடித்து வேகமாக இழுத்துப் போவாள். இதே படிகள்தான்.

“பேரு அதேதான வெச்சினுகீற?” என்றாள் மங்கம்மா. சாப்பிட அழைக்கிற தொனியில்தான் கேட்டாள்.

“ஆமாம் அக்கா” என்றேன். மறுநாள் தலைமை ஆசிரியைக்கும் அப்படியே எழுதிவிட்டேன்.

போகிறவர்களுக்கு: பத்து மணிக்குள் ஏறிவிடுங்கள், பிறகு படி சுடும். திரும்ப மாலை நாலே முக்காலுக்கு வண்டி உண்டு. குப்பம்மாள், பிச்சை என்று உங்கள் வீட்டிலும் ஒரு பெயர் இருந்தால், அதைக் கொடுத்தவர் யார் என்று இன்றே கேளுங்கள். பரீட்சை அடுத்த வருஷமும் வரும்.