ஓட்டு நாளில் வருகிறவர்கள்

வாக்காளர் பட்டியல் சரிபார்க்கும் வேலை என் தலையில் விழும்போதெல்லாம் எரிச்சல் பற்றிக்கொண்டு வரும். பள்ளிக்கூடம் விட்ட பிறகு ஏற்காட்டு மலையில் எங்கள் வாழவந்தியில் வீடு வீடாக ஏறி இறங்க வேண்டும். எஸ்டேட் வேலைக்குப் போனவர்கள் திரும்பும் நேரம் பார்த்துப் போகாவிட்டால் பூட்டிய கதவைத்தான் பார்த்துவிட்டு வர வேண்டும்.

அந்த முறை உத்தரவு கண்டிப்பாக இருந்தது. ஊரில் குடியில்லாதவர்களின் பெயரை எடுத்துவிட வேண்டும். எங்கள் ஊர் இளவட்டங்களில் பாதிப் பேர் ஊரில் இல்லை. காப்பிப் பழம் பறித்தவர்களின் பிள்ளைகள் கோயமுத்தூரில் பவுண்டரியிலும் பம்பு கம்பெனியிலும் வேலை செய்கிறார்கள். ஓட்டு மட்டும் மலையிலேயே இருந்தது. தேர்தல் அன்று முதல் பஸ்ஸிலிருந்தே வந்து இறங்குவார்கள். எல்லா வீட்டிலும் ஆள் நிறைந்திருக்கும் நாள் அது ஒன்றுதான். தீபாவளிக்குக்கூட அவ்வளவு கூட்டம் வராது.

பள்ளிக்கூடத்துக்குக் கீழே ஓர் அக்கா இருந்தார். கணவர் இறந்துவிட்டார், எஸ்டேட்டில் வேலை. ஒரே மகன் கோயமுத்தூரில் பவுண்டரியில் இருந்தான். பண்டிகைக்கெல்லாம் மனைவியின் ஊருக்குப் போய்விடுவான். ஓட்டுப் போட மட்டும் மனைவி, மகளோடு தவறாமல் அம்மா வீட்டுக்கு வருவான்.

நான் பட்டியலை விரித்ததும் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஏனுங்க டீச்சர், எம் பையன் பேரை மட்டும் எடுத்துப்போடாதீங்க.”

“ஆளு இங்க இல்லீங்களேக்கா.”

“ஓட்டுக்கு வர்றானுங்களே. பேரு போச்சுன்னா அப்பறம் என்னத்துக்குங்க வரோணும்?”

வாங்கிக் கட்டிக்கொள்ளப் போவது நான்தான் என்று தெரிந்தும், பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். மகனைக் கேட்டு ஏதாவது வழி பண்ணலாம் என்று அன்றைக்கே போன் செய்தேன்.

“எடுத்துருங்க டீச்சர்,” என்றான் அவன். “இங்க சேக்கச் சொல்லி எழுதிக் குடுத்துட்டனுங்க. எங்க சந்துல பூராவும் ஏற்காட்டு ஆளுங்கதான். பக்கத்துத் தெரு வரைக்கும் நல்ல தண்ணி பைப்பு வந்துருச்சு, எங்களுக்கு வரலீங்க. ஓட்டில்லாத ஆளுகளை எவன் பாப்பான்? பாப்பா வயித்துப்போக்குல ரெண்டு தடவ ஆஸ்பத்திரில கெடந்துட்டா.”

அவனே தொடர்ந்தான். “எனக்குத் தெரிஞ்சு இங்க ஒரே கட்சிதானுங்க ஜெயிக்கும். நாங்கெல்லாம் ஊர் ஓட்டை இங்க மாத்தறோம்னு தெரிஞ்சதுமே ரெண்டு கட்சிக்காரங்களும் சந்துக்குள்ள வந்து உக்காந்திருக்காங்க. அம்மா ஏதாச்சும் சொன்னா பெருசா எடுத்துக்காதீங்க.”

அம்மாவை நினைத்துப் பார்க்கச் சொல்லி நாலு வார்த்தை கேட்கலாம் என்று வாயெடுத்தேன். குழந்தை ஆஸ்பத்திரியில் கிடந்த பிறகு அவனை என்ன கேட்பது? எங்கள் பிள்ளைகள் போய்க் குடியேறித்தான் ஒரு நகரத்தின் கணக்கே மாறுகிறது என்று ஒரு பக்கம் பெருமையாகக்கூட இருந்தது. அவன் பெயரோடு ஊரில் இல்லாத மற்றவர்களின் பெயர்களையும் எடுத்துவிட்டேன். ஒரு வாரம் கழித்து அக்கா வழியில் மறித்து, “பேரு இருக்குதுங்களா?” என்றபோது, “இருக்குதுக்கா” என்று வாய் கூசாமல் பொய் சொன்னேன். மகன் அவரிடம் இன்னும் சொல்லவில்லை என்றே நினைத்திருந்தேன்.

தேர்தல் வந்தது. முன்பெல்லாம் வீடு வீடாக வந்து கும்பிட்ட கட்சிக்காரர்கள் இந்த முறை ஜீப்பை விட்டு இறங்கவே இல்லை. எங்கள் பட்டியல் அவ்வளவு இளைத்துவிட்டிருந்தது.

ஓட்டு நாளில் பள்ளிக்கூட வாசலுக்கு வெளியே பட்டியலோடு உட்கார்ந்திருந்தேன். அக்கா தனியாக வந்தார், ஓட்டுப் போட்டார். போகாமல் ரோட்டோரமாகவே நின்றார். சேலத்து பஸ் ஒன்று வந்து போனது. அடுத்ததும் வந்து போனது. என் பேச்சை நம்பித்தானே இந்த மனுஷி வெயிலில் நிற்கிறார் என்று எழுந்து போனேன்.

“அக்கா, உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன். அவன் பேரை அப்பவே எடுத்துட்டேன். அவனேதான் எடுக்கச் சொன்னான்.”

“தெரியுமுங்க,” என்றார். முகத்தில் கோபம் எதுவும் இல்லை. “நீங்க நோட்டைத் தூக்கிட்டு ஊட்டுக்கு வர்றதுக்கு முந்தியே போன்ல சொல்லிட்டானுங்க. அங்கயே போடு சாமின்னு நாந்தான் சொன்னேன்.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இத்தனை நாள் பொய் சொன்ன குற்றத்தைச் சுமந்துகொண்டு இவர் வீட்டுப் பக்கமே போகாமல் சுற்றுவழியில் நடந்தவள் நான்.

“அப்பறம் எதுக்குக்கா என் கையைப் புடிச்சுக் கெஞ்சுனீங்க?”

“அவங்கிட்டப் போய்க் கேக்க முடியுங்களா? புள்ளை நல்ல தண்ணி குடிக்கோணுமில்லீங்க,” என்றார் அக்கா. “உங்ககிட்டத்தான் கேக்க முடிஞ்சுது.”