டீக்கடையில் தனி டம்ளர் இல்லை

இன்று வெள்ளகோவில் டீக்கடைக்காரர் என்னைப் பார்த்ததும் உற்சாகமாகக் கூப்பிட்டார்.

"ஏனுங்க வாத்தியாரே, நீங்க சொன்னபடி தனி டம்ளரை எடுத்துப்போட்டேனுங்க!"

காலனி ஆட்களுக்கென்று ஆணியில் தொங்கிய டம்ளர்களைக் காணோம். மனம் குளிர்ந்தது.

பிறகு காலனியிலிருந்து மாரன் வந்தார். எனக்குக் கண்ணாடி டம்ளரிலும் அவருக்குப் பிளாஸ்டிக் கப்பிலும் டீ வந்தது.

"குடிச்சுட்டு வீசிரலாமுங்க," என்றார் கடைக்காரர்.

என் பழைய உதாரணத்தையே எடுத்தேன். "உங்க ஊட்டுக்காரம்மாவுக்கு ஆபரேஷன்ல ஏத்துன ரத்தம் யாருதுன்னு கேட்டீங்களா?"

"அது உசுருங்க. இது டீ தானுங்களே!"

மாரன் சிரித்தார். "உடுங்க சார், எங்க டம்ளர நாங்களே கழுவற வேலையாச்சும் மிச்சமுங்க."

எனக்கும் அந்தக் கப்பிலேயே கொடுங்கள் என்றேன். "உங்களுக்கு எதுக்குங்க அது?" என்று கடைக்காரர் தரவே இல்லை.

ரத்தத்தைவிடப் பெரிய உதாரணம் என்னிடம் இல்லை. உங்களிடம் இருந்தால் சொல்லுங்கள்.